புது வண்டியின் உயரம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரிக்குக் கை தானாகப் போனது, நிறுத்திக்கொண்டேன், அப்படி எழுதினால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறந்தால் என் முகத்தையே பார்க்கிறார். அதனால்தான் வண்டிகளுக்குச் சீட் தைக்கும் என் கடையில் தையல் மெஷின் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் இருமல் நின்றதா? போன வாரம் நீ பேசின பேச்சில் பாதி இருமல்தான். வேலை வேலை என்று வெறும் வயிற்றோடு ஓடாதே, உனக்குப் பக்கத்தில் இருந்து திட்ட ஆளில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்பாவின் கால் விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். பாதத்தில் கொஞ்சம் மரத்துப்போகிறது என்று சொல்லி வைத்திருந்தோம், இப்போது கணுக்காலைத் தாண்டி மேலே வந்துவிட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்து போகிறார், நான் பின்னால் பொறுக்கிக்கொண்டு போகிறேன். நரம்பு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை, போன உணர்ச்சி திரும்பாது, இன்னும் மேலே ஏறும், எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் தெரியாது என்று சொல்லிவிட்டார். லிஃப்ட் கம்பெனியிலும் ஏணி ஏறும் வேலையிலிருந்து எடுத்து, புகார் போன் எடுக்கும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம், பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க என்று நாள் முழுக்கச் சொல்கிறார். எல்லாருக்கும் ஆள் அனுப்புறேன், எனக்கு அனுப்பத்தான் ஆள் இல்ல என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இந்த நிலைமையிலும் அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் என்றால் அது என் சக்களத்தியின் தயவு. அந்தச் சிவப்பு ரேஸ் பைக்கை நான் அப்படித்தான் கூப்பிடுவேன் என்று உனக்குத் தெரியும், கல்யாணப் போட்டோவைத் துடைக்காத மனிதர் அதை மட்டும் பனியன் துணியால் துடைப்பார். கியர் விழுந்ததா என்று கால் சொல்லாது, காதுதான் சொல்லும், அத்தனை வருஷப் பழக்கம். ஓடும்போது அவருக்குப் பிரச்சினையே இல்லை, நிறுத்தும்போதுதான். நுனிக்கால் மட்டும் தரையில் பட்டால் பாதம் மடங்குகிறதா நிற்கிறதா என்று அவருக்குத் தெரிவதில்லை, முழுப்பாதமும் பதிய வேண்டும். அதற்குத்தான் நான் சீட்டை இறக்கிக்கொண்டே வந்தேன். அவரை வண்டிமேல் உட்கார வைத்து, குதிகாலுக்கு அடியில் ஒரு தாளைச் செருகி இழுப்பேன். தாள் சுலபமாக வந்துவிட்டால் குதிகால் பதியவில்லை என்று அர்த்தம். சீட்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், ரெக்சினை உரித்து, உள்ளே இருக்கும் ஃபோமை ஒரு இழை சீவி, திரும்பத் தைத்து மாட்டுவேன். நோய் மேலே ஏற ஏற நான் அவரைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஃபோம் என்ற பேருக்குத்தான் இருந்தது. பலகை மேல உக்காந்த மாதிரி இருக்கு, ஆனா கால் ஊணுது, அது போதும் என்றார். விடிந்ததும் ஆளில்லாத ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டு வருவார், வந்து இறங்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, எந்த மருந்தும் கொடுக்காத முகம் அது. பயமில்லையா என்று நீ கேட்பாய். அவர் திரும்பி வரும் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை நான் அடுப்பையே பற்ற வைக்க மாட்டேன்.

அப்புறம்தான் இந்தப் புது மாடல் வந்தது. அதே வண்டியின் புது அவதாரம், கிளட்சைத் தொடாமலே கியர் மாறுமாம், வழுக்கப் போனால் வண்டியே பிடித்துக்கொள்ளுமாம், கிளட்சைப் பிடித்தாலும் பஞ்சு மாதிரி இருக்குமாம். நம்ம ஸ்பேனர்தான், உனக்கு முதல்முதலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த அதே மெக்கானிக், போனில் அதன் படத்தைக் காட்டினான். அப்பா அன்றைக்கு வாசலில் நின்று சீட்டியடித்தார் பாப்பா. அவர் சீட்டியடித்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துப் பார். இந்தக் காலை வெச்சுக்கிட்டே இன்னும் ரொம்ப நாள் ஓட்டிடலாம், காலோட வேலையை அதுவே செஞ்சுடும் என்றார். டாக்டர் கொடுக்காத நம்பிக்கையை ஷோரூம்காரன் கொடுத்தான், நானும் சேர்ந்து வாங்கிக்கொண்டேன். உன் மாமா வந்து, பக்கத்துக்கு ஒரு சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளுங்கள் அத்தான் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். அதுல போறதுக்கு நான் நடந்தே போயிடுவேன் என்று அப்பா வெடுக்கென்று சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று புரிந்து தானே சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பழையதைக் கொடுத்துப் புதியதை எடுப்பது என்று முடிவாயிற்று. கொடுப்பதற்கு முன்னால் ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து, அவர் ஆசையாய் மாட்டின ஒவ்வொன்றையும் கழற்றினோம். கண்ணாடி, ஹாரன், நான் தைத்துப் போட்ட டேங்க் உறை, நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒட்டின ஸ்டிக்கர்கூட ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கி உரித்தெடுத்தோம். சீட்டை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, பிழைப்பே சீட்தான், ஊரில் இருக்கிற சீட்டையெல்லாம் கட்டுகிறவள் நான், சீட் வண்டியோடு சேர்ந்த விஷயம் என்று விட்டுவிட்டேன். ஷோரூமில் புது வண்டியை முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் இரும்புச் சட்டத்தில் செருகி வைத்திருந்தார்கள், அது ஆடவே இல்லை. அப்பா ஏறி உட்கார்ந்தார், நுனிக்கால்தான் எட்டியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். சீட்தானே, அத நான் பாத்துக்கறேன் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டேன். அவர் தைரியமாகக் கையெழுத்துப் போட்டார், என் கையை நம்பித்தான் போட்டார்.

ஸ்பேனர் வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து விட்டதும், முதல் வேலையாகச் சீட்டைக் கழற்றினேன். ரெக்சினுக்கு அடியில் விரல் கனம்கூட ஃபோம் இல்லை. அதற்குக் கீழே நேராக பேட்டரி, ஒயர், என்னென்னவோ பெட்டிகள், வழுக்கினால் பிடித்துக்கொள்ளும் அந்த மூளையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. சீவுவதற்கு ஒன்றுமே இல்லை பாப்பா. வண்டியைக் கீழே இறக்க முடியுமா என்று ஸ்பேனரைக் கேட்டேன், இறக்கக்கூடிய அளவு இறக்கியும் பார்த்தான், தாள் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. ஷோரூமுக்கு ஓடினேன், பழைய வண்டி வந்தவுடனே போய்விட்டது என்றார்கள். வாங்கினவன் முதல் வேலையாக அந்தச் சீட்டைத்தான் தூக்கிப் போட்டானாம், என்னங்க இது பலகை மாதிரி இருக்கு என்று. ஸ்பேனர் எங்கிருந்தோ அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் கடையில் வைத்தான். அப்பா பார்த்தார், தடவிப் பார்த்தார், இத மட்டும் வெச்சு என்ன பண்ணப் போற என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். புது வண்டிக்கு அது பொருந்தாது. பழைய வண்டியே திரும்பி வந்தாலும் இனிமேல் சீவ அதிலும் மிச்சமில்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு தடவை ஓட்டப் பார்த்தார். நான் வேண்டாங்க, வேண்டாங்க என்று பின்னாலேயே போனேன். சந்தின் முனையில் ஒரு ஆட்டோவுக்காக நிறுத்தினார், பாதம் மடங்கியது, வண்டியோடு சாய்ந்தார். கீழ்வீட்டு பேக்கரிக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்து தூக்கினார். அடி பெரிதாக இல்லை, நீ பதறாதே, முழங்கையில் சிராய்ப்புதான். வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே என்று கேட்டார். இப்போது வண்டி கீழே நிறுத்துமிடத்தில் ஸ்டாண்டில் நிற்கிறது. காலையில் போய் ஸ்டார்ட் பண்ணுகிறார், ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை முறுக்குகிறார், அணைத்துவிட்டு, துடைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறார். போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் பின்னால் ஏறச் சொன்னார். நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். எங்க போலாம் சொல்லு என்றார், நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அதனால் உன்னிடம் சொல்கிறேன், ஏரிக்குப் போனேன், மேம்பாலத்தில் பறந்தேன் என்று அவர் போனில் சொல்வதெல்லாம் பொய். முதலில் எனக்குக் கோபம் வந்தது, பெற்ற பெண்ணிடம் இப்படியா என்று. பிறகு ஒருநாள் படியில் நிற்கும்போது காதில் விழுந்தது, பேக்கரிக்காரர் கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டு வரும்போது அப்பா அவரை நிறுத்தி, பாலத்து வேலை முடிஞ்சுதா, ஏரிக்கரை ரோட்ல தார் போட்டுட்டாங்களா, காலைல பனி இருந்துச்சா என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தார். நான் மேலே வந்துவிட்டேன்.

நீ அங்கிருந்து வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லாதே, எல்லாம் பார்த்தாயிற்று. வண்டியை விற்றுவிடச் சொல்லாதே. வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே, நீ வந்து நின்றால் அவர் வண்டியை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். எனக்கு நல்லதாக எதுவும் வரும் என்ற நம்பிக்கை இல்லை பாப்பா, இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, நீயும் மனதைப் போட்டு வாட்டிக்கொள்ளாமல் நேரத்துக்குச் சாப்பிடு, இருமலுக்கு மருந்து வாங்கு. எங்கே இருந்தாலும் நல்லபடியாக, நிம்மதியாக, நீண்ட ஆயுசோடு இரு, எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உன்னோடுதான் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கால் எப்படி இருக்கிறது என்று கேட்காதே, எந்தப் பக்கம் போனீங்கப்பா, ரோடு எப்படி இருந்துச்சு என்று கேள். அதற்குத்தான் வாரம் முழுக்கப் பதில் சேர்த்து வைத்திருக்கிறார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா