மண்ணெண்ணெய் வரிசையை ஆடியவளுக்கு

என் அன்புக்குரிய பிடிவாதக்காரி சுகிர்தாவுக்கு,

உன் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறார்கள். செத்தவர்களைப் பாட்டில் புகழ்ந்து, புத்தகமாக்கி, அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கிற அந்தக் கல்வெட்டுகளைப் பார்த்து நீ எத்தனை தரம் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்! இப்போது உனக்கே ஒன்று. "நீயும் ஒண்டு எழுது அக்கா" என்று தம்பி இரண்டு கொப்பித் தாளை என் மடியில் வைத்துவிட்டுப் போனான். உன்னைக் கட்டியவன் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

மற்றவர்கள் எழுதியதை வாசித்தேன். பத்திக்கொண்டு வந்தது. ஒருவர் உன்னை நாட்டியத் தாரகை என்கிறார். இன்னொருவர் அன்னநடை என்கிறார். நீயோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி நடக்கிறவள். இவர்கள் எல்லாரும் அன்றைக்கு மண்டபத்தில் சிரித்துவிட்டுப் பாதியில் எழும்பிப் போனவர்கள்தான். நான் உன்னைப் புகழப் போவதில்லை. சண்டையை முடிக்காமல் போனவளை என்னவென்று புகழ்வது?

எனக்கு உன்னில் முதல் நாளே கோபம். குண்டுவீச்சுக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு ஓடிவந்து, தம்பியும் நீயும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் வீட்டு வாசலில் நின்றபோது உன் கையில் ஒரு பை, ஒரு கசெற் றேடியோ. நான் கணக்கு ரீச்சர். என் பள்ளிக்கூடத்திலேயே உனக்கும் நடன ரீச்சர் வேலை கிடைத்தது. சரி, இனிப் பரிசளிப்பு விழாவுக்கு மயில் நடனமும் பாம்பு நடனமும் வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம். நீ என்ன செய்தாய்? வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் எட்டாம் வகுப்பை நிலத்தில் இருத்திவிட்டு, சலங்கையும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் நீ ஆடினாய். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆட்டம் பழக்கத்தானே உன்னை எடுத்தது? பழக்கன்" என்று கேட்டேன்.

"ஆடுறதுக்கு இஞ்சை ஆளிருக்கு மச்சாள். பாக்கிறதுக்குத்தான் ஆளில்லை. தன்ரை பிள்ளை ஆடி முடிய எழும்பிப் போற சனத்துக்கு முன்னாலை நான் என்ன புதுசை ஆடுறது? முதல் பாக்கப் பழகட்டும்."

திமிர். வேறென்ன?

என் வகுப்புக்கும் உன் வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான். எல்லாம் கேட்கும். ஒரு பிள்ளை "வடிவாயிருந்தது ரீச்சர்" என்று சொன்னால் போதும், நீ பாய்வாய். "வடிவு கிடக்கட்டும். நீ என்னத்தைக் கண்டனீ, அதைச் சொல்லு." பிறகு பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சொல்லும். தோள் முதலில் இறங்கினது. கண் நிலத்தைப் பார்க்கவில்லை. கை எதையோ தூக்கினது, ஆனால் பாரமில்லாதது போல. நான் இந்தப் பக்கம் பலகையில் முக்கோணம் கீறிக்கொண்டு, இது என்ன கூத்து என்று பல்லைக் கடிப்பேன்.

அந்த மண்டப நாளுக்கு வருவோம். நீ மறந்திருக்க மாட்டாய்.

பரிசளிப்பு விழா, பகல் மூன்று மணி. பெற்றோர், பிரதம விருந்தினர், பொன்னாடை, அரை மணித்தியாலப் பேச்சு. கரண்ட் இல்லாததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவைப் பாட வைப்பது என் வேலை. கசெற் தட்டுப்பாட்டில் நீ உன் கலியாணக் கசெற்றின் ஒரு பக்கத்தை அழித்து அதில் உன் மேளத்தைப் பதிந்திருந்தாய். "மேளம் நிண்ட உடனை சுத்துறதை விட்டிடுங்கோ மச்சாள். பிறகு சத்தமே வேண்டாம்" என்று இரண்டு தரம் சொன்னாய்.

மேளம் நின்றது. நான் சுற்றுவதை விட்டேன். நீ மேடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கிற பெண்ணாக நின்றாய். நின்றாய், நின்றாய், நின்றுகொண்டே இருந்தாய். எண்ணெய்க் கானைப் பிடித்தது போல ஒரு கை. ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு உடம்பு மாறியது. அவ்வளவுதான்.

"வரிசையிலை நிண்டு களைச்சுப்போய் வந்தால், இஞ்சையும் வரிசையோ?" என்று பின்னுக்கு ஒரு மனிசி கேட்டாள். கதிரைகள் கிறீச்சிட்டன. "றேடியோ பழுதாப் போச்சுது போலை, பாவம்" என்றார் ஒருவர். பிரதம விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் காது சுட்டது. எங்கள் வீட்டு மருமகள் எல்லார் முன்னாலும் சும்மா நிற்கிறாளே! நான் கசெற்றை வெளியே எடுத்து, மறுபக்கம் திருப்பிப் போட்டுச் சுற்றினேன்.

கெட்டிமேளம்.

நாதசுரமும் தவிலும் ஒன்றாகக் கொட்ட, முன்வரிசைக் கிழவர் ஒருவர் தன்னை மறந்து ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். "அறுகரிசி எங்கை?" என்று யாரோ கத்தினார்கள். மண்டபம் வெடித்தது. சிரித்துச் சிரித்தே பாதிப்பேர் எழும்பிப் போய்விட்டார்கள். நீ அசையவில்லை. நிலத்தில் இருந்த உன் எட்டாம் வகுப்பும் அசையவில்லை. ஒன்றும் சிரிக்கவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தன, சனியன்கள்.

வீட்டுக்கு வந்து நீ கேட்டாய். "ஏன் மச்சாள் உப்பிடிச் செய்தனீங்கள்?"

"கசெற் சிக்கிப் போச்செண்டு நினைச்சன். நீ சொன்னதை மறந்திட்டன்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், அடுத்த நாள் சரியாகியிருக்கும். நீ பார்த்துவிட்டுப் போய் உலையை வைத்தாய். அந்தப் பார்வைக்குப் பழிவாங்கத்தான் அதிபரிடம் போனேன். கணக்கிலே பிள்ளைகள் மோசம், வெள்ளிக்கிழமைப் பாடத்தை எனக்குத் தாருங்கள் என்றேன். தந்தார். அதன்பிறகு ஒரே குசினியில் நின்றும் நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மூளை மலேரியா என்றார்கள். மருந்து தேடித் தம்பி சைக்கிளில் ஓடி ஓடித் திரிந்தான். நாலே நாள்.

என்ன அவசரமடி உனக்கு? ஒரு கிழமை பொறுத்திருந்தால் நான் கதைத்திருப்பேன். அதற்கும் விடவில்லை நீ. கடைசி வார்த்தையையும் நீயே எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இங்கத்தைப் புதினம் கேள். போன வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்புக்குள் போனேன். கரும்பலகையில் கணக்கைச் செய்து காட்டிவிட்டுத் திரும்பினால், முழு வகுப்பும் கொப்பியைத் திறக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"என்னத்தைப் பாக்கிறியள்?"

வாசுகி எழும்பினாள். குருநகர்ப் பிள்ளை, மெலிந்தவள், வாய் மட்டும் பெரிது. "மூண்டாம் வரியிலை பிழை விட்டிட்டியள் ரீச்சர். பிழை விடமுதலே உங்கடை இடது கால் பின்னுக்குப் போனது. அண்டைக்குக் கசெற்றைத் திருப்பேக்கையும் அப்பிடித்தான் போனது."

பலகையைப் பார்த்தேன். மூன்றாம் வரி பிழைதான். "அண்டைக்குக் கசெற் சிக்கிப் போச்சடி" என்றேன்.

"கசெற் சிக்கேல்லை ரீச்சர். நாங்கள் உங்களையும் பாத்தனாங்கள்" என்றாள். குற்றம் சொல்லவில்லை. நீ பழக்கினபடி, கண்டதைச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன்.

ஓம் சுகிர்தா, நான் மறக்கவில்லை. கசெற் சிக்கவுமில்லை. தெரிந்துகொண்டுதான் திருப்பினேன். சனம் உன்னைப் பார்த்துச் சிரிக்குமோ என்ற பயத்தில், நானே சிரிக்க வைத்தேன். தம்பிக்கும் இதுவரை தெரியாது. இதை அச்சில் வாசிக்கும்போது தெரியட்டும். அன்னநடை எழுதினவர்களும் வாசிக்கட்டும்.

அதிபரிடம் போய் வெள்ளிக்கிழமைப் பாடத்தை நடனத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். புது நடன ரீச்சர் வரும்வரை நான்தான் பொறுப்பாம். எனக்கு ஆடத் தெரியாது. நிற்கத் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை மண்ணெண்ணெய்க் கானையும் கொண்டுபோய், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால், நீ நின்ற அவ்வளவு நேரமும் சத்தமில்லாமல் நிற்பேன். இடது கால் பின்னுக்குப் போனால் போகட்டும். என்னத்தைக் கண்டனீங்கள் என்று கேட்பேன். அவர்கள் சொல்லி முடியும்வரை வெளியே போகமாட்டேன். இது சத்தியம்.

உன்னோடு கோபம் தீராத,
உன்ரை மச்சாள்,
பரமேஸ்வரி