உள்ளங்கையில் வாங்காத தீர்த்தம்

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு முத்துகிருஷ்ணா,

அந்தக் குளிரில் நீயாவது உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று இந்த முறை எழுத முடியவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம் என்று உனக்குத் தெரியும். அடையாறில் அக்குபங்சர் பார்க்கும் ஹம்சா டாக்டர் பின்கழுத்திலும் தாடைக்குக் கீழேயும் ஊசி குத்துவார், பிறகு விழுங்கும் பயிற்சி. எது வேலை செய்கிறது என்று நீ கேட்டதை அவரிடமே கேட்டேன், எனக்கே உறுதியாத் தெரியாதும்மா, ரெண்டையும் விடாதீங்க என்றார். போன வாரம் கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி ஒரு ஸ்பூன் இறங்கியது. அப்பா கண் கலங்கிவிட்டார். ஆனால் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, அது சட்டென்று ஓடி நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார், நானும் வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன், இசக்கியம்மாள் அத்தையும் தலையாட்டினாள்.

தன் தம்பி கஞ்சி குடித்த சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை அத்தை பெருமாள் கோயில் துளசித் தீர்த்தம் வாங்கி வந்தாள். அவள் மனதில் அது தண்ணீர் இல்லை. நான் அடுப்படியில் இருந்தேன். அப்பா கையை நீட்டப் பார்த்திருக்கிறார், வலது கை எழவில்லை, இடது கையில் தீர்த்தம் வாங்குவார்களா என்று அவளே வாயில் ஊற்றிவிட்டாள். கஞ்சியே எறங்குதாம்லா, சாமி தீர்த்தம் எறங்காதாக்கும், குடி ராசா என்று அவள் சொன்னது காதில் விழுந்து நான் ஓடி வருவதற்குள் இருமல் தொடங்கிவிட்டது. மறுநாள் காய்ச்சல். இப்போது ஐசியுவில் நிமோனியா, மூச்சுக்கு மெஷின். பிழைத்தாலும் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும், வாய்வழியாக இனி எதுவும் நினைக்காதீர்கள் என்கிறார்கள். ஊசியும் நின்றுவிட்டது. வயிற்றுக் குழாய்க்கு நான் சம்மதம் சொல்லப் போகிறேன்.

நீ உடனே கிளம்பி வா. அதற்கு முன் அத்தைக்குப் போன் செய். கோபத்தை என்னிடம் காட்டு, அவளிடம் வேண்டாம். ஐசியு வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். அந்தக் கையால நான் எப்படிக் குடிப்பேம்ளா என்று தண்ணீரைக்கூடத் தொடவில்லை. நீ சொன்னால் குடிப்பாள்.

வேளைக்குச் சாப்பிடு. நீ வந்து சேரும்வரை அப்பாவுக்கு மூச்சும் உனக்குத் தைரியமும் இருக்கட்டும். மறக்காதே, முதல் போன் அத்தைக்கு.

உன் அம்மா,
தேவானை