அமுக்கிப் பார்க்காமல் வாங்கிய பங்கு

மச்சான்,

இன்று காலை அடுப்புக்கு மேலே தொங்கிய விதைப்பூண்டை இறக்கினேன். புகையும் பூண்டும் கலந்த வாசம் மூக்கில் ஏறியபோதே சட்டைப்பையில் கைபேசி சிணுங்கியது. சந்தை சரிவாம். நீ இருந்திருந்தால், "போச்சா மாப்ள?" என்று சிரித்திருப்பாய்.

நான் முதன்முதலில் பங்கு வாங்கியது, நாயுடுபுரத்து டீக்கடைகளில் பங்குச் சந்தைப் பேச்சே ஓடிய வருஷம். உரம் வாங்கப் போன நான் டீமேட் கணக்கோடு திரும்பினேன். முதல் இரண்டு மாதம் லாபம். மலையிலேயே புத்திசாலி நான்தான் என்று அலைந்தேன். அப்புறம் முகம் தெரியாத யாரோ கைபேசிக் குழுவில் சொன்னதை நம்பி ஒரு பங்கை வாங்கினேன். அது இறங்க ஆரம்பித்தது. நான் அசரவில்லை. பூண்டைப் புகையில் போட்டுக் காத்திருந்தால் விலை ஏறும். எனக்குத் தெரிந்த வியாபாரம் அது ஒன்றுதான். இறங்க இறங்க இன்னும் வாங்கினேன்.

நீ ஒன்றுதான் கேட்டாய். "பூண்டுன்னா பல்லு இருக்கா, சொத்தையான்னு அமுக்கிப் பாத்துட்டுத்தான கட்டித் தொங்கவிடுற? அந்தக் கம்பெனி என்ன சோலி பாக்குது மாப்ள?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு உன்மேல் எரிந்து விழுந்தேன். அந்த வீம்பிலேயே, உன் தங்கச்சி வெளியூர் போயிருந்தபோது, விதைப்பூண்டு முழுவதையும் விற்று அதிலேயே போட்டேன். திரும்பி வந்தவளிடம், எலித் தொல்லை என்று உன் வீட்டுப் பரணில் வைத்திருப்பதாகப் பொய் சொன்னேன்.

பங்கு எழவேயில்லை. விற்கப் போனால் வாங்க ஆளில்லை. நடவு வந்தது, உழுத தோட்டம் வெறுமையாகக் கிடந்தது. உன்னிடம் வந்து, அவளிடம் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்லி அழுதேன். நீ திட்டவில்லை. மறுநாள் வெள்ளனே, கட்டுக் கட்டாகப் பூண்டு அடுக்கிய இரண்டு மூட்டையோடு எங்கள் வாசலில் நின்றாய்.

"இந்தா தங்கச்சி, எங்க பரண்ல கெடந்த உங்க பூண்டு. எலி தொடல."

அந்த வருஷம் உன் கீழ்த்தோட்டத்தில் பாதிக்குப் பீன்ஸ் போட்டாய். கேட்டதற்கு, "மண்ணு மாறட்டும் மாப்ள" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

இப்போது ஊரில் பூண்டு விலைக்கு முன்னால் தங்கம் விலையைக் கேட்கிறார்கள். இளவட்டங்கள் ஆப்ஷன் என்கிறார்கள், காலையில் போட்டு மாலையில் எடுக்கலாமாம். நான் மாதாமாதம் கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறேன். தனிப் பங்கு என்றால், அந்தக் கம்பெனி என்ன சோலி பார்க்கிறது என்று கேட்காமல் தொடுவதில்லை.

நீ கண்ணை மூடி இரண்டு நடவு முடிந்துவிட்டது. இதற்குமேல் மறைக்க மனசில்லாமல், இன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பூண்டு உடைப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கே தெரியுங்க. பூண்டுத் தாள ரெண்டு சுத்து சுத்தி அடியில செருகுனா அது அண்ணன் வீட்டுக் கட்டு. நாம அப்படியா கட்டுறோம்?"

"ஏன் கேக்கல?"

"எம் மொகத்தப் பாத்துப் பொய் சொல்ல முடியாம அண்ணனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அதுக்கு மேல என்னத்தக் கேக்க?"

எனக்காக நீ சொன்ன பொய்யை அவள் உனக்காக இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறாள், மச்சான். இதை உன்னிடம் சொல்லிச் சிரிக்க முடியவில்லையே என்றுதான் இன்று முழுக்க வலிக்கிறது.

மீதிப் பூண்டை மறுபடி கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து, இரண்டு சுற்று சுற்றி, அடியில் செருகி.