முட்டு எடுக்கும் நாள்

டீச்சர், இந்த நடுச்சாமத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் காய்ச்சல் இறங்கி இப்போதுதான் உறங்கினாள். என் நாக்கில் இன்னும் உப்புக் கரிக்கிறது.

சாயங்காலம் குளச்சல் பக்கத்து அங்கன்வாடிக்குப் போயிருந்தேன். நீங்கள் கடைசியாக வரைந்த கட்டடம். நீங்கள் இறந்தபின் மேற்பார்வை எனக்கு வந்தது. மூலையில் மிச்சம் கிடந்த மணலை, நீங்கள் பழக்கியபடி, ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் மணல். கூரைக்குக் காங்கிரீட் போட்ட அன்றும் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆற்று மணல் லாரி வரவில்லை என்று கரையிலிருந்தே அள்ளியிருக்கிறார்கள்.

நாளைக் காலை, கூரையைத் தாங்கும் முட்டுக்கம்புகளை எடுக்கிறார்கள்.

வகுப்பு முடிந்த கையோடு எங்களைப் பஸ்ஸில் ஏற்றி, கடற்கரையில் நீங்கள் கட்டும் கட்டடங்களுக்குக் கொண்டுபோவீர்களே. டீச்சருக்குச் சம்பளம் கல்லூரியில், மனசு கடற்கரையில் என்று நாங்கள் கேலி செய்வோம். முட்டு உருவும்போது நீங்கள் கூரைக்கு அடியில் போய் நிற்பீர்கள்.

“வெளிய வாருங்க டீச்சர், எனக்கு நெஞ்சு படபடங்குது” என்பார் கொத்தனார்.

“கையெழுத்து என்னோடதுல்லா ஓய்! விழுந்தா என் தலையில விழட்டு.”

நாளை நானும் நிற்கலாம். ஒன்றும் விழாது. அதுதான் பயமாக இருக்கிறது. காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை உப்பு தின்ன வருடங்கள் ஆகும். அன்றைக்கு அடியில் யாருடைய மூன்று வயதுப் பிள்ளையோ உட்கார்ந்திருக்கும். உங்கள் சோதனையில் அது தெரியாது, டீச்சர்.

திரும்பும்போது அங்கன்வாடி வாசலில், மீன் விற்கும் செல்வி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏட்டி, மழைக்கு முன்ன பிள்ளைகள உள்ள ஏத்திரலாம்லா? இப்ப இருக்க வலைக் கொட்டகையில போன மழைக்குப் பாம்பு கெடந்து.”

“ஏத்திரலாம் அக்கா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் அப்படி வந்திருக்க மாட்டீர்கள். வரைபடத்தை மணலில் விரித்து, அந்தப் பெண்களோடு உட்கார்ந்து, கெட்ட செய்தியையும் நீங்களேதான் சொல்வீர்கள்.

கட்டடம் சரியென்று கையெழுத்துப் போடமாட்டேன். கூரையை இடிக்கச் சொல்லி எழுதி வைத்துவிட்டேன். இன்னொரு மழைக்காலமும் பிள்ளைகள் அந்தக் கொட்டகையில்தான். காலையில் செல்வி அக்கா முகத்தைப் பார்த்து இதை எப்படித் தொடங்குவது? முதல் வார்த்தை மட்டும் போதும்.

சீக்கிரம் பதில் போடுங்கள், டீச்சர்.