முதல் பிளஸ் டூ செட்டு

13 மே 2007, ஞாயிறு

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்குது. குழாயில் தண்ணி வந்துச்சு, இருந்த குடம் எல்லாம் நிரப்பியாச்சு. சைக்கிள் செயின் இன்னும் மாட்டல.

நாளைக்கு பிளஸ் டூ ரிசல்ட். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இதுதான் மொத தடவை. ரெண்டு வருசம் முந்தி வரைக்கும் பத்தாவதோட சரி. பத்து முடிச்ச பையன் மேல படிக்க சாத்தூர் பஸ் ஏறுவான், பொம்பளப் பிள்ளை பட்டாசுக் கம்பெனி வேன் ஏறும். பள்ளிக்கூடத்தை மேல்நிலை ஆக்க ரூம் பத்தாதுன்னாங்க. ஊரே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை செங்கல் சுமந்தோம். வாரம் பூரா கம்பெனியில வெடிக்குத் திரி வச்ச கையோட எம் பெண்டாட்டி பேச்சியும் சுமந்தா. அந்த ரூம்லதான் எம் மக மாரிச்செல்வி ரெண்டு வருசம் படிச்சா.

சாயங்காலம் பெற்றோர் கழகக் கூட்டம். பலசரக்குக் கடை அண்ணாச்சிதான் தலைவர். எல்லாரும் பாஸ் ஆனா, எல்லாப் பிள்ளைக படத்தையும் போட்டு போஸ்டர், ஏழாயிரம்பண்ணை வரைக்கும் ஒட்டணும்னு பேச்சு.

"ஆப்செட் மெஷின் ஓட்டுற குருசாமி இருக்கான்ல. பெறகென்ன."

எல்லாரும் என்னையப் பாத்தாங்க. சரின்னேன். நோட்டு அட்டை அடிச்சு மிஞ்சுன பேப்பர் நான் வேல பாக்குற சிவகாசி பிரஸ்ல கெடக்கு. முதலாளிட்ட கேட்டா தருவார். இத்தன வருசம் ஊரான் வீட்டுக் கல்யாணமும் ஊரான் கடைக் காலண்டரும் அடிச்சாச்சு. நம்ம ஊர்ப் பிள்ளைகள அடிக்கப் போறேன்.

14 மே, திங்கள்

லீவு போடல. போட்டிருக்கணும்.

மத்தியானம் பிரஸ்சுக்கு அண்ணாச்சி போன். "எல்லாரும் பாஸ்ப்பா" ன்னார். அப்புறம் இருமுனார். "அண்ணாச்சி?" ன்னேன். "ஒரு பிள்ளை மட்டும் பௌதிகத்துல…" ன்னு இழுத்தார். எந்தப் பிள்ளைன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல.

வீட்டுக்கு வந்தா செல்வி பாத்திரம் வெளக்கிட்டு இருக்கா. வெளக்குன பாத்திரத்தையே திரும்ப வெளக்குறா. அழல. "டீ போடவாப்பா?" ன்னா. போடுன்னேன். சீனி இல்லாத டீ. குடிச்சேன்.

பேச்சி வேன்ல இருந்து இறங்கும்போதே முகம் கறுத்திருந்துச்சு. வேன்லயே சொல்லிட்டாங்க.

பௌதிகத்துக்கு வாத்தியார் பாதி வருசம் கழிச்சுத்தான் வந்தார். ஆனா மத்த பிள்ளைகளுக்கும் அதே வாத்தியார்தான். குத்தம் சொல்ல வாய் வரல.

15 மே, செவ்வாய்

காலையில கடைக்குப் போனேன், உளுந்து வாங்க. பேசிட்டு இருந்தவங்க நிறுத்திட்டாங்க.

அண்ணாச்சி காகிதத்துல உளுந்தக் கட்டிக்கிட்டே மெதுவா: "போஸ்டர் இப்பைக்கு வேண்டாம்ப்பா. பெறகு பாத்துக்கிடலாம்."

"ஏன் அண்ணாச்சி? மத்த பிள்ளைக என்ன பாவம் செஞ்சாக? அடிக்கணும். இதப் பாத்துத்தான் பக்கத்து ஊர்ல இருந்து பதினொண்ணாப்புக்குப் பிள்ளைக வரும்."

"ஒன் மனசு…"

"எம் மனச விடுங்க. படத்த எல்லாம் எடுத்துக் குடுங்க."

கொண்டாந்தேன். பேச்சி பாத்துட்டா. "பெத்த பிள்ள படம் இல்லாத போஸ்டர பெத்த தகப்பனே அடிப்பீகளா? நீக என்ன கல்லா?" கல்லு இல்லன்னு சொல்லத் தெரியல. சோறு வச்சா, சாப்பிட்டேன்.

16 மே, புதன்

முதலாளி பேப்பர் தந்துட்டார். "பிளேட்டும் நம்ம கணக்குலயே போட்டுக்கோ" ன்னார். நல்ல மனுசன். அவர்ட்டயும் செல்வி விசயம் சொல்லல.

மத்தியானம் தெக்க வெடிச் சத்தம். மெஷின நிறுத்திட்டு எல்லாரும் வாசலுக்குப் போனோம். விபத்து இல்ல, கம்பெனியில சாம்பிள் வெடி போட்டுப் பாத்தாங்களாம். திரும்ப வந்தோம்.

கம்ப்யூட்டர்ல மேட்டர் போடுற பாப்பா படத்த எல்லாம் வரிசையா அடுக்கிட்டா. மேல "நம் பள்ளியில் தேர்ச்சி பெற்ற மாணவ மாணவியர்". கடைசி வரிசையில ஒரு கட்டம் காலி.

"இதுல என்ன போடண்ணே? பள்ளிக்கூடப் படம் போட்டுறவா? இல்ல பூ?"

பூ போடுன்னேன். மஞ்சப் பூ ஒண்ணு போட்டா. பாத்துக்கிட்டே நின்னேன்.

நாளைக்கு பிளேட் போடணும், அப்புறம் மெஷின்ல ஏத்திர வேண்டியதுதான்.

17 மே, வியாழன்

பிளேட் போடல.

பத்து மணி வாக்குல வாட்ச்மேன் வந்து, "ஒங்க ஊர்ப் பிள்ளைக கேட்ல நிக்குதுக" ன்னார். போனா, பாதி வகுப்பு நிக்குது. பஸ் ஏறி சிவகாசிக்கு வந்திருக்காக. முன்னால ஜோதிமணி, வகுப்புத் தலைவி. பள்ளிக்கூடத்துலயே அவதான் மொத மார்க்கு. அவுக அம்மாவும் பேச்சியும் ஒரே வேன்.

"போஸ்டர் அடிக்காதீக மாமா" ன்னா.

"ஏன் தாயி?"

"செல்வி இல்லாட்டி எங்க படமும் வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்துருச்சு. எம் மகளுக்கு இவுக பரிதாபப்படணுமான்னு ஒரு கோபம். "பள்ளிக்கூடப் பேருக்காக அடிக்கிறது. ஒங்க சௌகரியத்துக்கு இல்ல. வீட்டுக்குப் போங்க."

யாரும் நகரல. ஜோதிமணி கேட்டா: "பாஸான பிள்ளைகன்னு எதுக்கு மாமா போடணும்? மொத பிளஸ் டூ செட்டுன்னு போடுங்க. நாங்க எல்லாரும் மொத செட்டுதான? இன்னொரு மொத செட்டு வருமா?"

பின்னால ஒரு பையன்: "லேப்ல எனக்கு அம்மீட்டர் மாட்டத் தெரியாது. செல்விதான் மாட்டிக் குடுத்துச்சு."

முதலாளி ரூமுக்குப் போய் எச்.எம். டீச்சருக்குப் போன் போட்டேன். பிள்ளைக சொன்னத அப்படியே சொன்னேன்.

"தலைப்ப மாத்திடுங்க குருசாமி. இது நமக்குத் தோணலையே" ன்னாங்க. அடுத்து, "மார்க் போட வேண்டாம். ஆனா முதல்ல செல்விகிட்ட கேளுங்க. அவ முகம், அவ சொல்லணும்."

பிள்ளைகளுக்கு டீ வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டேன். மேலெல்லாம் மை. கண்ணத் தொடைக்க முடியல.

18 மே, வெள்ளி

நேத்து கேட்டேன். செல்வி துணி மடிச்சிட்டே இருந்தா. நானும் நோண்டல.

இன்னைக்கு நான் கெளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தா. "பாவம்னு போடுதாகளோன்னு நெனச்சேன்ப்பா."

"ஜோதி அப்படிச் சொல்லல."

"தெரியும். நேத்து வந்து எங்கிட்டயும் சண்ட போட்டுட்டுப் போனா." சிரிப்பு மாதிரி ஒண்ணு வந்துச்சு. ரிசல்ட்டுக்குப் பெறகு இப்பத்தான். "போடுங்க. நானும் அந்தச் செட்டுதான."

உள்ள போனவ திரும்பி வந்தா. "இனிசியல் சரியாப் போடுங்க. பள்ளிக்கூடத்துல ஒரு தடவ தப்பாப் போட்டுட்டாக."

பாப்பாட்ட படத்தக் குடுத்தேன். பூவ எடுத்துட்டு வச்சா. "யாருண்ணே இது?" "எம் மக."

19 மே, சனி

அடிச்சாச்சு.

மொதல்ல மஞ்சக் கலர் ஓடும்போது யாரு யாருன்னே தெரியல. சிவப்பு ஏறவும் முகம் வந்துச்சு. நீலம், கறுப்பு. கறுப்பு ஏறுனதும் எல்லாரும் கண்ணத் தொறந்து பாக்குறாக. கலர் மேல கலர் சரியா உக்காரணும், அந்த ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகாம பாத்துக்கிட்டேன். செல்வி உம்முன்னுதான் இருக்கா. ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படம், எல்லாருமே உம்முன்னுதான் இருக்காக.

கூட வேல பாக்குறவன் ஒரு தாள எடுத்து வெளிச்சத்துல பிடிச்சான். "காலண்டர் சாமி படம் கூட இம்புட்டு சுத்தமா நீ அடிச்சதில்லலே" ன்னான். நெசந்தான்.

20 மே, ஞாயிறு

பிள்ளைகளே பசை காய்ச்சி எடுத்துட்டு வந்துட்டாக. பள்ளிக்கூட வாசல், பஸ் ஸ்டாப், அண்ணாச்சி கடை, ஏழாயிரம்பண்ணை முக்கு. செல்வியும் போனா. தாள் சுருங்காம தேய்க்க அவளுக்குத்தான் தெரியுது, எம் மகள்ல.

பேச்சி கம்பெனி வேன் பின் கண்ணாடியில ஒண்ணு ஒட்டச் சொல்லிட்டா. டிரைவரும் சரின்னுட்டான்.

21 மே, திங்கள்

பேச்சி வந்து சொன்னது. வேன்ல ஒருத்தி, "பெயிலான பிள்ளையும் இதுல இருக்கே" ன்னாளாம். பேச்சி, "ஆமா. எம் மகதான். அடுத்த மாசம் திரும்ப எழுதுறா" ன்னாளாம். அப்புறம் ஜோதிமணி அம்மா, "நானும் செங்கல் சுமந்தேன், அவளும் சுமந்தா. நீ சுமந்தியா?" ன்னு அந்தப் பொம்பளையக் கேட்டுருக்கா.

பேச்சி இதச் சொல்லிட்டு எனக்கு ரெண்டு முட்டை அவிச்சுக் குடுத்தா. கோபம் தீந்துருச்சு போல.

4 ஜூன், திங்கள்

பள்ளிக்கூடம் தொறந்தாச்சு. பதினொண்ணாப்பு சேர வெளியூர்க்காரங்க நிக்குறாங்களாம். பெஞ்ச் பத்தல. எச்.எம். டீச்சர் முகம் பாக்கணும். ஒரு அம்மா, "போஸ்டர்ல இருக்குற பிள்ளைக எல்லாம் இங்கனதான் படிச்சுச்சா?" ன்னு அண்ணாச்சிட்ட கேட்டாளாம். இந்தக் கதைய அண்ணாச்சி ரோட்ல போறவங்களை எல்லாம் நிறுத்திச் சொல்றார்.

பௌதிக வாத்தியார் செல்விக்கு சாயங்காலம் தனியாப் பாடம் எடுக்குறார். தனியான்னு பேரு. ஜோதி, அம்மீட்டர் பையன், இன்னும் நாலஞ்சு பேர் கூடவே உக்காந்துக்கிடுதாக. பாஸான பாடத்த எதுக்குப் படிக்கீகன்னு கேட்டா, "சும்மா" ங்காக.

மழ வரும்போல. வரல.

28 ஜூன், வியாழன்

இன்னைக்கு பௌதிகம். சென்டர் சாத்தூர்ல. நான் லீவு போட்டேன். பேச்சியும் போட்டா, கூலி போனாப் போகட்டும்னுட்டா. செல்வி ரெண்டு இட்லிக்கு மேல தின்னல.

மொத பஸ்சுக்கு மூணு பேரா நடந்தோம். ஸ்டாப்புல ஏகப்பட்ட கூட்டம். கோயில் விசேசம் எதுவும் இல்லையே, யாருன்னு பாத்தா, மொத செட்டு. எல்லாரும் பழைய யூனிபார்ம் போட்டுட்டு வந்திருக்காக. செல்வி நின்னுட்டா. ஜோதி வந்து கையப் பிடிச்சு, "பேனா ரெண்டு வச்சிருக்கியா?" ன்னா. அவ்வளவுதான் பேச்சு.

பஸ் வந்துச்சு. வழியனுப்பத்தான் வந்திருக்காகன்னு நெனச்சேன். எல்லாரும் ஏறிட்டாக. கண்டக்டர் என்னையப் பாத்து, "இதுல யாருக்குய்யா பரீட்சை?" ன்னார்.

பேச்சி சொன்னா: "எல்லாருக்கும்தான்."