திருவுளச்சீட்டும் ஒரு டம்ளர் காபியும்

மார்ச் 3

சலவைக்கூடத்தில் இன்று மருத்துவமனைப் போர்வைகள் மலையாகக் குவிந்துவிட்டன. இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டியதை, ஒரு முனையைத் தாடையில் அழுத்திக்கொண்டு ஒருத்தியாகவே மடிக்கப் பழகிவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் என் அறைக்கு வந்தார். தெருமுனைக் கண்ணாடிக்கடைக்காரர் என்னைப் பெண் கேட்டிருக்கிறாராம். மனைவியை இழந்தவர், எங்கள் சபையில் பின்வரிசையில் உட்காருகிறவர். நாற்பதைத் தாண்டிய என்னைப் போய்! ஞாயிறன்று திருவுளச்சீட்டு போடலாம் என்றார் அண்ணன். அவர் சபை மூப்பர். எங்கள் சபையில் எல்லாமே அப்படித்தான். உபவாசமிருந்து, ஜெபித்து, 'ஆம்', 'இல்லை' என்று எழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுப்பார்கள். நான் நர்ஸ் படிப்புக்குப் போகாததும் ஒரு சீட்டால்தான்.

மார்ச் 9

'ஆம்' வந்தது.

மார்ச் 12

நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று கடைக்குப் போனேன். ஒரு மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். ஆண்டவர் சரியென்று சொல்லிவிட்டார் என்றேன்.

"சந்தோஷம். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் வாசல் பக்கம் திரும்பினேன். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். உத்தரவுக்காக வருகிறவர் தனக்கு வேண்டாமாம், ஆசைப்பட்டு வருகிறவர்தான் வேண்டுமாம்.

வழியெல்லாம் கோபம். ஆண்டவர் பேசிய பிறகு நான் பேச என்ன இருக்கிறது? இந்த மனுஷனுக்கு எவ்வளவு ஏத்தம்!

மார்ச் 20

எல்லாவற்றையும் ஆண்டவர் முன்குறித்துவிட்டார் என்றால் என் சம்மதம் எதற்கு? என் சம்மதம் வேண்டுமென்றால் சீட்டு எதற்கு? யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம்.

ஒன்று மட்டும் புரிகிறது. சீட்டு சொல்லி நான் போனால், நாளைக்குத் தப்பாகப் போனாலும் பழி என்மேல் இல்லை. நானாகச் சொல்லிப் போனால்? யாரிடம் போய் அழுவேன்?

உனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. ஒருத்தர் கேட்டதும் பயந்து ஓடி வந்துவிட்டேன். ஆண்டவரே, ரொம்பத் தனியா இருக்கேன். உமக்குத் தெரியாதா என்ன?

மார்ச் 21

அவர் கடை கண்ணில் படாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனேன்.

ஏப்ரல் 2

அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். சீட்டெடுத்த அன்று காலையில் மறதியாக ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டாராம். அண்ணிக்கு நேற்றுத்தான் அது நினைவுக்கு வந்ததாம். உபவாசம் முறிந்ததால் சீட்டு செல்லாது, வருகிற ஞாயிறு மறுபடி போட வேண்டும் என்றார்.

முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தக் காபியைக் குடிக்கவிட்டதும் ஆண்டவர்தானே என்று கேட்க வாயெடுத்தேன். அப்புறம் ஒன்று உறைத்தது. மறுபடி போட்டு 'இல்லை' வந்துவிட்டால்? — ஐயோ, வரக் கூடாது. அப்படி நினைத்த பிறகுதான் என் பதில் எனக்கே தெரிந்தது.

"சீட்டு வேண்டாம் அண்ணா," என்றேன்.

"கர்த்தரை மீறப் போறியா?"

"மீறல. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. கர்த்தர்கிட்டயும் அதைத்தான் சொல்லப் போறேன்."

அண்ணன் எழுந்து போனார். கதவைச் சாத்தவும் இல்லை.

ஏப்ரல் 3

கடையில் ஒரு லாரி டிரைவருக்குக் கண் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று டிரைவர் எதிரிலேயே சொல்லிவிட்டேன், எனக்கு விருப்பம் என்று. அவர் சரியென்று தலையாட்டினார். பிறகு டிரைவரை ஏற்கெனவே மூடியிருந்த கண்ணையே மறுபடி மூடச் சொன்னார்.

மே 16

பதிவு அலுவலகம். என் பக்கத்து நாற்காலிகள் காலி. அண்ணன் வரவில்லை, அண்ணியையும் வரவிடவில்லை. சாட்சிக்குச் சலவைக்கூடத்துத் தோழி வந்தாள். எனக்கென்று இருந்தது அண்ணன் ஒருவர்தான். வாசலை அடிக்கடி திரும்பிப் பார்த்தேன்.

பதிவாளர் தலை நிமிராமலே கேட்டார். "சொந்த விருப்பத்திலதானே? யாரும் வற்புறுத்தலையே?"

"என் விருப்பம்தான்."

உமக்கும் சம்மதம்தானே ஆண்டவரே என்று மனதுக்குள் கேட்டேன். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.