இல்லை என்று எழுதியவள்

மார்ச் 3, ஹட்டன்

பகல் முழுக்க மழை. என் கணவர் கிறிஸ்டியன், படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்து, தலையைக்கூடத் துவட்டாமல், "அனுஷ்கா பேசினாளா?" என்றுதான் கேட்டார். பேசினாள். என் தங்கை ஐந்து வருடமாக, இப்போது யுத்தம் நடக்கும் ஒரு வெளிநாட்டில், ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அந்தம்மாவும் போனில் என்னை நலம் விசாரிப்பார். சண்டை அவர்கள் இருக்கும் நகரத்து விளிம்புக்கே வந்துவிட்டது என்கிறது செய்தி. அவளோ, "சத்தம் தூரத்துலதாங்க்கா கேக்குது. நீ மொதல்ல நேரத்துக்குச் சாப்பிடு" என்கிறாள். வெளிவிவகார அமைச்சில் இருப்பவள் நான், புத்தி சொல்வது அவள்.

மார்ச் 5

அந்த நாட்டின் தூதுவர் திம்புள்ளயில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார். ஊர்க்காரி என்று என்னைத் துணைக்கு அனுப்பியிருந்தார்கள். தேநீர் ருசி பார்க்கும் மேசையருகே நின்றபடியே விஷயத்தை எடுத்தார். நம் யுத்தத்தில் மிஞ்சிய எறிகணைகள் கிடங்கில் கிடக்கின்றனவாம். அவர்களுடைய பீரங்கிகளுக்குப் பொருந்துமாம். தருவீர்களா?

நல்ல மனுஷன். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8

என் மேலதிகாரி ஜெயகாந்தன் சேர் கொழும்பிலிருந்து போன் செய்தார். "பெற்றீசியா, நீங்க சம்மதம்னு சொன்னதா அந்தத் தூதுவர் அவங்க தலைநகரத்துக்கு எழுதிட்டாரே?"

அன்று தொழிற்சாலையில் நான் வாயே திறக்கவில்லை. பிறகுதான் உறைத்தது. தலையாட்டியிருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா பேசப் பேச லயத்து வீட்டுச் சனம் மொத்தமும் தலையாட்டும். காதில் விழுகிறது என்றுதான் அதற்கு அர்த்தம், சரி என்று இல்லை. கொழுந்து பறித்த என் அம்மாவின் பக்கத்தில் நின்று பழகிய கழுத்து. இத்தனை படித்தும் திருந்தவில்லை!

சேர் சிரித்துவிட்டார். ஆனால் கொடுக்கலாமா கூடாதா என்ற பரிந்துரையை நான்தான் எழுத வேண்டுமாம். தங்கை அங்கே இருப்பதைச் சொன்னேன்.

"தெரிஞ்சுதான் கேக்குறேன். எழுதுங்க. நானும் தனியாப் பாக்குறேன்."

மார்ச் 10

எழுத ஓடவில்லை. கொடுத்தால் அனுஷ்கா இருக்கும் நகரம் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் அவர்களோடு சண்டை போடும் எதிரி நாடுதான் நம் தேயிலையை அதிகம் வாங்குகிறது. அவர்கள் நிறுத்தினால் மஸ்கெலியா, கொத்மலைத் தோட்டங்களில் எல்லாம் வேலைநாள் குறையும். அந்த எதிரி நாட்டிலும் நம் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களும் யாரோ ஒருத்திக்குத் தங்கச்சிதானே?

அப்புறம் அந்த எறிகணைகள் — மற்றவையெல்லாம் இங்கே யார் தலையில் விழுந்தன என்று தெரிந்தே வளர்ந்தவள் நான். மிச்சத்தை இன்னொரு ஊருக்கு அனுப்ப என் கை எழுதுமா? இல்லை, தேயிலையைச் சாக்காக வைத்து நழுவுகிறேனா?

கிறிஸ்டியன் வந்து, பிளேன்டீயை வைத்துவிட்டு என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அழுகை வந்துவிட்டது.

மார்ச் 11

எழுதிவிட்டேன். ஆயுதம் வேண்டாம். மருந்தும் ஜெனரேட்டரும் அனுப்பலாம். நம் ஆட்களை எல்லைக்கு அழைத்துவர பஸ் விட வேண்டும்.

மார்ச் 15

மேலிடத்தில் ஒப்புக்கொண்டார்கள். தூதுவர் நுவரெலியாவில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். நேரே போய், இந்த முறை வாயால், இல்லை என்று சொன்னேன். அன்று தலையாட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். மருந்துக்கு நன்றி என்றார். வெளியே தூறல். வாசல்வரை குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்ச் 19

நாளை மறுநாள் பஸ். அனுஷ்காவுக்கு இடம் உறுதி. முன் அறையில் கட்டில் போட்டாயிற்று.

மார்ச் 21

அவள் ஏறவில்லை.

"அந்தம்மாவால படி எறங்க முடியலக்கா. அவங்கள எப்பிடி விட்டுட்டு வாறது?"

கெஞ்சினேன், திட்டினேன். கேட்டால்தானே. சத்தம் இப்போது போனிலேயே கேட்கிறது. பிறகு அவள் கேட்டாள், "நம்ம நாட்டுக்கிட்ட இவங்க குண்டு கேட்டாங்களாமே, குடுக்கலையாமே. அந்தம்மா எங்கிட்ட கேக்குறாங்க. ஏங்க்கா குடுக்கல?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் முடியவில்லை.

"வேணாம்னு எழுதுனது நாந்தாம்மா."

பின்னால் அந்தம்மா அவளைக் கூப்பிடும் குரல் கேட்டது.

"சரிக்கா," என்றாள். "அந்தம்மாகிட்ட சொல்லமாட்டேன். அவங்களுக்கு ஒன்னைய ரொம்பப் பிடிக்கும்."